பழைய மழைப்பதிவுகளும் அவற்றால் அறியத்தக்கனவும்

வேளாண்மை மழையை நம்பியது என்பது யாவரும் அறிந்த உண்மை. குளத்து நீரைக் கொண்டு செய்கை பண்ணும் கமக்காரரும், மானாவாரியாக விதைப்பவரும், கிணற்று நீரை இறைத்து மிளகாயும் வெங்காயமும் நடுபவரும் இறுதியில் வானத்தையே எதிர்பார்க்கின்றனர். ஓர் அங்குல மழை ஓர் ஏக்கர் நிலத்தில் விழுமாயின் அது சுமார் 100 தொன் நீராகும். இவ்வளவு பெரிய வரவு எப்போது வரும், எத்தனை ஆண்டுக்கொருமுறை வராது போகும் என்பதை அறிந்திருத்தல் விதை நெல்லையும் உழைப்பையும் கடனையும் காத்துக்கொள்வதற்கு இன்றியமையாதது.

இவ்வறிவை முதியோரிடமிருந்து பெறுவது வழக்கம். குளம் வான் பாய்ந்த ஆண்டும், குளத்தின் அடித்தரை வெடித்த ஆண்டும் அவர்களுடைய நினைவில் நிற்கும். ஆயினும் மனிதருடைய நினைவு பெருவெள்ளத்தையும் பெருவரட்சியையும் மாத்திரமே பற்றிக்கொள்கிறது. இடைப்பட்ட ஆண்டுகள் மறைந்துவிடுகின்றன. மேலும் எத்துணை வயதினராயினும் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு அப்பால் ஒருவர் கண்டிருக்க முடியாது. நூறு ஆண்டுக்கொருமுறை வரும் வரட்சியை ஒரு தலைமுறை முழுவதும் காணாதே போகலாம். கண்டவர் அதனை அளந்து எழுதி வைத்தாலன்றி அடுத்த தலைமுறைக்கு அது பயன்படாது.

2016ஆம் ஆண்டு வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் வழக்கமான மழையில் 62 வீதம் குறைந்தது. அதே பருவத்தில் இலங்கையின் உலர் வலயத்திலும் மழை பொய்த்தது. 2016/17 பெரும்போகத்தில் பெருமளவு வயல்கள் விதைக்கப்படாது கிடந்தன. இத்தகைய வரட்சி முன்னர் எப்போதாயினும் நிகழ்ந்ததா என வினவியபோது, 1876ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பான குறைவு காணப்பட்டதென்று வானிலையாளர் விடை கூறினர். 140 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பருவத்தைப் பற்றி இவ்வாறு திட்டமாகக் கூற முடிந்தமைக்குக் காரணம், அக்காலத்திலே நாள்தோறும் மழையை அளந்து எழுதியவர்கள் இருந்தமையே. அப்பதிவுகள் எவ்வாறு தோன்றின, அவற்றை எவ்வளவு நம்பலாம், அவற்றிலிருந்து பழைய காலநிலை எவ்வாறு மீட்டறியப்படுகிறது என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

கருவிகள் தோன்றியமை

மழையை அளக்கும் முறை பழமையானது. கொரியா நாட்டில் 1441ஆம் ஆண்டில், செயோங் மன்னருடைய ஆட்சியில், ஒரே அளவான உலோகப் பாத்திரங்கள் செய்விக்கப்பட்டு மாவட்டங்கள் தோறும் மழை அளக்கப்பட்டது. அது வேளாண்மைக்கெனவே செய்யப்பட்ட ஏற்பாடு என்பது கவனித்தற்பாலது.

ஐரோப்பாவில் இத்தாலியரான ரொறிசெல்லி 1643ஆம் ஆண்டளவில் இரசப் பாரமானியை ஆக்கினார். காற்றின் அமுக்கத்தை அளக்க அதுவே முதற் கருவியாயிற்று. பரனைற்று என்பார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்பத்தக்க இரச வெப்பமானிகளைச் செய்தார். செல்சியசு என்பாரின் அளவுத்திட்டம் 1742இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் இலங்காசயர்ப் பகுதியிலே ரிச்சட் ரவுன்லி என்பவர் 1677ஆம் ஆண்டு முதல் மழையைத் தொடர்ந்து அளந்தார். அந்நாட்டில் மழையைத் தொடர்ச்சியாக அளந்து எழுதிய பதிவுகளுள் இதுவே மிகப் பழையது.

தனித்தனியே பலர் அளந்தபோதிலும், ஒருவரது அளவை மற்றவரது அளவோடு ஒப்பிடுவது கடினமாயிருந்தது. கருவிகள் வேறு, அளக்கும் நேரமும் வேறு. 1780இல் சேர்மனியின் மன்னைம் நகரிலே தோன்றிய வானிலைச் சங்கம் இக்குறையை நீக்க முற்பட்டது. அச்சங்கம் ஒரே விதமான கருவிகளைப் பல நாடுகளுக்கும் அனுப்பிக் காலை 7 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 9 மணி ஆகிய நேரங்களில் அளக்கச் செய்தது. அச்சங்கம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. எனினும் ஒரே கருவி, ஒரே நேரம், ஒரே விதி என்னும் ஒழுங்கு பின்வந்த அவதானிப்பு நிலையங்கள் யாவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

சென்னையின் நீண்ட பதிவு

தென்னாசியாவில் இவ்வகைப் பதிவுகளுள் முதன்மையானது சென்னைக்குரியது. சென்னையும் இலங்கையின் வட கீழ்ப் பகுதிகளும் ஒக்ரோபர் முதல் திசெம்பர் வரையிலான மாதங்களிலேயே பெருமழையைப் பெறுகின்றன. ஆதலால் அந்நகரின் பதிவு இலங்கைக் கமக்காரருக்கும் பயன் தரத்தக்கது.

கிழக்கிந்தியக் கொம்பனியின் மருத்துவராக வந்த வில்லியம் ரொக்சுபேக் என்பவர் 1776ஆம் ஆண்டு முதல் சென்னைக் கோட்டையில் வெப்பமானி, பாரமானி ஆகியவற்றைப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். பிற்காலத்திலே தாவரவியலறிஞராகப் புகழ்பெற்றவரும் இவரே. 1786இல் வில்லியம் பெற்றி என்பவர் தமது சொந்தச் செலவில் ஒரு வானாய்வு நிலையத்தை எழும்பூரில் அமைத்தார். பின்னர் கொம்பனி அதனைப் பொறுப்பேற்றது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலையக் கட்டடம் எழுந்தது. ஆங்கு நிறுத்தப்பட்ட கருங்கற்றூணிலே தமிழிலும் அச்செய்தி பொறிக்கப்பட்டது. யோன் கோல்டிங்காம் என்னும் வானவியலாளர் 1796 முதல் வானிலையை ஒழுங்காக எழுதுவித்தார். மழைப்பதிவு 1813ஆம் ஆண்டு முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. இன்றும் அந்நகரின் வானிலை அலுவலகம் நுங்கம்பாக்கத்திலேயே இயங்குகிறது.

இருநூறு ஆண்டுகளைக் கடந்த இப்பதிவு கூறும் முதற் செய்தி, ஆண்டுக்காண்டு மழை எவ்வளவு மாறுபடும் என்பதாகும். 1827ஆம் ஆண்டில் சென்னையில் 88 அங்குலத்துக்கு மேல் மழை பெய்தது. ஐந்தாண்டு கழித்து 1832இல் சுமார் 18 அங்குலமே பெய்தது. அதனைத் தொடர்ந்து ஆந்திரக் கரையோரத்தில் குண்டூர்ப் பஞ்சம் பரவியது. ஒரே இடத்தில், ஒருவருடைய வாழ்நாளின் சிறு பகுதிக்குள்ளேயே, மழை ஏறத்தாழ ஐந்திலொன்றாகக் குறைந்தமை இப்பதிவால் வெளிப்படுகிறது.

1876ஆம் ஆண்டு வரட்சி தமிழ் மக்களிடையே தாது வருடப் பஞ்சம் எனப் பெயர் பெற்றது. அப்பஞ்சத்தினால் ஊரை விட்டு நீங்கியோருட் பலர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தனர். அதற்கு முன்னர் 1789 முதல் 1793 வரை தென்னிந்தியாவில் மழை பலமுறை பொய்த்தமைக்கு ரொக்சுபேக்கின் குறிப்புகளும் சான்றாகின்றன.

கருவிகளால் அளக்கப்படாத காலத்தைப் பற்றி அறிவதற்கும் வழியுண்டு. 1706ஆம் ஆண்டு முதல் தரங்கம்பாடியில் வாழ்ந்த சேர்மானிய மிசனரிமார் தமது நாட்டுக்கு அனுப்பிய அறிக்கைகளிலே மழை, புயல், வெள்ளம், விளைவு, அரிசி விலை ஆகியவற்றைக் குறித்தனர். கருவிப் பதிவும் எழுத்துக் குறிப்பும் ஒருங்கே உள்ள ஆண்டுகளை ஒப்பிட்டு, அவ்வாறான சொற்கள் எவ்வளவு மழையைக் குறிக்கும் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பின்னர், குறிப்பு மாத்திரமே உள்ள ஆண்டுகளுக்கும் அம்மதிப்பீட்டைப் பயன்படுத்துகின்றனர். இது அளவைப் போன்று திட்டமானதன்று; எனினும் நல்ல ஆண்டு, நடுத்தர ஆண்டு, பஞ்ச ஆண்டு எனப் பிரித்தறியப் போதுமானது.

பழைய பதிவுகளிலுள்ள குறைகள்

பழைய ஏட்டிலுள்ள எண்களை அப்படியே எடுத்து இன்றைய எண்களோடு ஒப்பிடுதல் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். அதற்கான காரணங்கள் சில வருமாறு:

முதலாவது, மழைமானி வைக்கப்பட்ட உயரம். இலண்டனில் எபடன் என்னும் மருத்துவர் 1766ஆம் ஆண்டு தொடங்கி ஓராண்டு காலம் மூன்று இடங்களில் மழையை அளந்தார். தோட்டத்துத் தரையில் 22.6 அங்குலமும், வீட்டுக் கூரை மேல் 18.1 அங்குலமும், அருகிலிருந்த பெரிய தேவாலயக் கோபுரத்தின் மேல் 12.1 அங்குலமும் சேர்ந்தன. வானத்திலிருந்து விழுந்த மழை ஒன்றே. ஆயினும் உயரத்தில் வீசும் காற்று துளிகளைப் பாத்திரத்தின் வாய்க்கு அப்பால் அடித்துச் சென்றுவிட்டது. காற்றே இதற்குக் காரணமென்பது 1861ஆம் ஆண்டில் செவன்சு என்பவரால் விளக்கப்பட்டது. பழைய மழைமானிகள் பல கூரைகளின் மேல் வைக்கப்பட்டமையால், அவை உண்மையான மழையிலும் குறைவாகவே காட்டியிருக்கும். அதனை அறியாதவர் அக்காலத்தில் மழை குறைவென்று தவறாக எண்ணுவர்.

இரண்டாவது, வெப்பமானி வைக்கப்பட்ட இடம். காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பலகைப் பெட்டியினுள் வெப்பமானியை வைக்கும் முறையைத் தோமசு தீவன்சன் 1864இல் அறிமுகப்படுத்தினார். அதற்கு முன்னர் அது வடக்கு நோக்கிய சுவரிலோ, சன்னலோரத்திலோ, சில வேளைகளில் அறையினுள்ளோ வைக்கப்பட்டது. ஐரோப்பாவின் அல்ப்சு மலைப் பகுதியில் 1850க்கு முற்பட்ட கோடைகால வெப்பநிலைகள் இக்காரணத்தால் சுமார் 0.4 பாகை செல்சியசு மிகையாகக் காட்டப்பட்டன என ஆய்வாளர் கண்டனர். பழைய கண்ணாடிக் குழாய்கள் ஆண்டுகள் செல்லச் சற்றே சுருங்கி இரசத்தை மேலே தள்ளியமையும் ஒரு பிழையாகும்.

மூன்றாவது, அளக்கும் நேரமும் நாளும். காலையில் அளக்கப்படும் மழை, முந்திய நாட் காலை முதல் அன்று காலை வரை பெய்ததாகும். அதனை ஒருவர் முந்திய நாளுக்கும், மற்றொருவர் அன்றைய நாளுக்கும் எழுதினால் இரு ஏடுகளும் ஒரு நாள் விலகிவிடும்.

நான்காவது, படியெடுத்தலில் நேரும் பிழை. 1.05 என்பது 1.50 ஆகவும், 3 என்பது 8 ஆகவும் மாறுதல் எளிது. அங்குலத்தை மில்லிமீற்றராக மாற்றுகையில் 25.4 ஆற் பெருக்கத் தவறுதலும் நேர்வதுண்டு. மழை பெய்யாத நாளும் அளக்கப்படாத நாளும் ஒருங்கே வெற்றிடமாக விடப்படுதல் இவற்றுள் மிகவும் தீங்கானது. ஏனெனில் அவ்வெற்றிடம் வரட்சியைக் குறிக்கிறதா, அளப்பவருடைய காய்ச்சலைக் குறிக்கிறதா என்பதை நூறாண்டு கழித்து எவரும் அறிய இயலாது.

திருத்தும் முறை

இக்குறைகளுக்காகப் பழைய ஏடுகளை ஒதுக்கிவிடுதல் வேண்டியதில்லை. அயல் நிலையங்களோடு ஒப்பிடுதல் சிறந்த பரிகாரமாகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஒரு குளத்தின் அருகே ஒரு மழைமானி உள்ளதெனவும், அதனைச் சூழ்ந்த ஊர்களில் வேறு மூன்று உள்ளனவெனவும் கொள்க. முதற் பதினைந்து ஆண்டுகளில் அயல் மூன்றின் சராசரி 100 ஆகும்போது குளத்து மழைமானியும் 100 காட்டியது. பதினாறாம் ஆண்டு முதல் அயலில் 100 பெய்தால் இங்கு 85 மாத்திரமே காட்டியது. ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல் ஒரே இடத்தில் மாத்திரம் தொடர்ந்து இவ்வாறு மழை குறைவது இயல்பன்று. நிலையத்துப் பழைய குறிப்புகளைத் தேடும்போது மழைமானி வேறிடத்துக்கு மாற்றப்பட்டதென்றோ, அருகிலிருந்த புளியமரம் கிளை பரப்பியதென்றோ தெரியவரலாம். அப்போது பிற்கால அளவுகளை 85ஆல் வகுத்து 100ஆற் பெருக்கித் திருத்துவர்.

இதற்கு மாறாக, அயல் மூன்றிலும் அதே காலத்தில் 85 ஆகக் குறைந்திருப்பின், அது கருவியின் குறையன்று, மழையே குறைந்துள்ளது. கருவியின் மாற்றத்தையும் காலநிலையின் மாற்றத்தையும் வேறுபடுத்துவதே இத்துறையின் தலையாய வேலை. காரணம் காணப்படாத இடத்தில் திருத்தம் செய்தல் ஆகாது. திருத்தம் செய்தபோதும் மூல எண்ணை அழிக்காது, திருத்திய எண்ணை அதன் அருகே எழுதி வைத்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதி வெப்பநிலையை கோடன் மான்லி என்பவர் இவ்வாறே பல பதிவுகளை ஒட்டி இணைத்து 1659ஆம் ஆண்டு வரை கொண்டு சென்றார். 1953இல் ஒரு பகுதியும் 1974இல் முழுமையும் வெளிவந்தன. உலகில் கருவிகளாற் பெறப்பட்ட மாதாந்த வெப்பநிலைத் தொடர்களுள் இதுவே மிக நீண்டது.

பாரமானியும் கப்பல் ஏடுகளும்

மழை ஊருக்கூர் வேறுபடும். ஒரு வயலிற் பெய்து அடுத்த வயலிற் பெய்யாது விடுவதும் உண்டு. காற்றின் அமுக்கமோ அவ்வாறன்று. அது பரந்த நிலப்பரப்பில் ஏறத்தாழ ஒரு சீராக இருக்கும். ஆதலால் ஓரிடத்துப் பாரமானிப் பதிவு சுற்றிலும் நெடுந்தூரம் நிலவிய வானிலையை உணர்த்தும். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை அவதான நிலையங்களுக்குத் தலைவராயிருந்த சேர் கில்பேட் உவோக்கர், பல நாடுகளின் அமுக்கப் பதிவுகளை ஒப்பிட்டு, பசிபிக் சமுத்திரத்தில் அமுக்கம் உயரும்போது இந்து சமுத்திரப் பக்கத்தில் அது தாழ்வதும், பின்னர் இது தலைகீழாவதும் உண்டெனக் கண்டார். இது தென் அலைவு எனப்படும். எல் நினோ எனப்படும் பசிபிக் வெப்பப் பெருக்கு இதனோடு பிணைந்தது.

எல் நினோ ஆண்டுகளில் இலங்கையில் ஒக்ரோபர் முதல் திசெம்பர் வரை மழை கூடுவதும், அதன் பின்வரும் சனவரி முதல் மார்ச்சு வரை குறைவதும் பெரும்பான்மை. ஆயினும் இது தவறாத விதியன்று. 1877-78இல் நிகழ்ந்த எல் நினோ மிக வலிமை வாய்ந்ததென்று பழைய பதிவுகளால் அறியப்பட்டுள்ளது. அதுபோன்ற நிகழ்ச்சிகள் எத்துணை இடைவெளியில் வருகின்றன என்பதைக் கூற, செய்மதிகள் தோன்றிய பின்னருள்ள சில பத்தாண்டுகள் போதா.

கடலிலும் ஏடுகள் எழுதப்பட்டன. கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பல்கள் இந்து சமுத்திரத்தைக் கடந்து சென்றபோது, காற்றின் திசையையும் வலிமையையும் அமுக்கத்தையும் வெப்பத்தையும் குறித்தன. 1789 முதல் 1834 வரையுள்ள 891 கப்பல் ஏடுகளிலிருந்து 273,000 அவதானிப்புகள் அண்மையில் மீட்டெடுக்கப்பட்டன. தரையிலும் கடலிலும் பெறப்பட்ட அமுக்கப் பதிவுகளைக் கணினியில் இட்டு, வளிமண்டலத்தின் இயக்க விதிகளுக்கு அமையக் கணித்து, ஒவ்வொரு நாளுக்கும் உலக வானிலைப் படம் வரைவதும் இக்காலத்தில் இயல்கிறது. அமெரிக்க ஆய்வாளர் இம்முறையால் 1836ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் சென்றுள்ளனர். பதிவுகள் அரிதான இடங்களில் இப்படங்கள் தெளிவற்றவை என்பதையும் அவர்களே குறிப்பிடுகின்றனர். ஒரு புதிய ஏடு கிடைக்குந்தோறும் படம் ஒருபடி தெளிவாகிறது.

பொதுமக்கள் செய்த பணி

இவ்வேடுகளைக் கணினியில் ஏற்றுதல் பெரும் உழைப்பை வேண்டுவது. மைமங்கிய கையெழுத்தை இயந்திரங்கள் பிழையற வாசிப்பது அரிது. 2020ஆம் ஆண்டில் தொற்றுநோய் காரணமாக மக்கள் வீடுகளில் அடைபட்டிருந்தபோது, இங்கிலாந்தின் றெடிங் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எட் ஓக்கின்சு மழைப்பதிவுத் தாள்களின் படங்களை வெளியிட்டுப் பொதுமக்களின் உதவியை நாடினார். சுமார் 16,000 பேர் முன்வந்தனர். 65,000 தாள்களிலிருந்த 50 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்கள் 16 நாள்களிற் படியெடுக்கப்பட்டன. ஒவ்வொரு எண்ணும் பலரால் வாசிக்கப்பட்டு, அவர்கள் ஒத்துக்கொண்டதே ஏற்கப்பட்டது. இதனால் அந்நாட்டின் மழைக் கணக்கு 1862இலிருந்து 1836 வரை பின்னோக்கி நீண்டது. அவ்வாறு நீண்டபோது, 1855ஆம் ஆண்டே அக்கணக்கில் மிகவும் வரண்ட ஆண்டு என்பதும் வெளிப்பட்டது. 

அத்தாள்களை எழுதியோருட் பெரும்பாலோர் விஞ்ஞானிகளல்லர். பாதிரிமார், ஆசிரியர், தோட்டக்காரர், கமக்காரர் ஆகியோரே.

இலங்கையின் பதிவுகள்

இலங்கையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பிலே மழையும் வெப்பமும் ஒழுங்காக அளக்கப்பட்டன. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அனுராதபுரம், புத்தளம், அம்பாந்தோட்டை, நுவரெலியா, பதுளை முதலிய இடங்களுக்கு நூறாண்டைக் கடந்த பதிவுகள் உள்ளன. கொழும்பு வானாய்வு நிலையம் 1907இல் அமைக்கப்பட்டது. 1948இல் வானிலைத் திணைக்களம் தனியாக இயங்கத் தொடங்கியது. தோட்டங்களிலும் குளங்களிலும் வேளாண்மைப் பண்ணைகளிலும் வைக்கப்பட்ட மழைமானிகள் இவற்றோடு சேர்ந்தன.

இப்பதிவுகளைக் கொண்டு கணித்தபோது, 1931 முதல் 1960 வரையிலான முப்பது ஆண்டுகளின் சராசரியிலும் 1961 முதல் 1990 வரையிலான முப்பது ஆண்டுகளின் சராசரி சுமார் 144 மில்லிமீற்றர், அஃதாவது 7 வீதம், குறைந்திருத்தல் காணப்பட்டது. இதன் பொருளைக் கமக்காரர் உணர்தல் வேண்டும். முந்திய முப்பது ஆண்டுகளை மாத்திரம் நம்பி ஒரு குளத்தின் கீழ் வயற்பரப்பை வகுத்தால், பிந்திய முப்பது ஆண்டுகளில் அக்குளம் எதிர்பார்த்தபடி நிரம்பாது. பிந்திய முப்பதை மாத்திரம் நம்பி அணையையும் கலிங்கையும் கட்டினால், 1957ஆம் ஆண்டு திசெம்பரில் உலர் வலயத்திற் பெய்தது போன்ற பெருமழை வரும்போது குளக்கட்டு உடையும். இரண்டையும் தாங்குவதற்கு நீண்ட பதிவே துணையாகும்.

சென்னைப் பதிவு நீண்டதாயினும், அது கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ஈடாகாது. 1964ஆம் ஆண்டுப் புயலும் 1978ஆம் ஆண்டு மட்டக்களப்புப் புயலும் எவ்வூர்களில் எவ்வளவு மழையைக் கொட்டின என்பதை அவ்வூர் மழைமானிகளே கூற வல்லன. அயல் நாட்டுப் பதிவு பொதுப்போக்கைக் காட்டும். உள்ளூர்ப் பதிவு வயலுக்குரிய அளவைக் காட்டும்.

சராசரி மாத்திரம் போதாது

ஓர் ஊரில் பத்து ஆண்டுகளின் ஒக்ரோபர் முதல் திசெம்பர் வரையிலான மழை, மில்லிமீற்றரில், 410, 1120, 760, 690, 300, 980, 640, 820, 720, 560 என எடுத்துக்காட்டாகக் கொள்க. இவற்றின் சராசரி 700. ஆனால் பத்தில் ஐந்து ஆண்டுகள் 700இலும் குறைந்த மழையையே பெற்றன. ஆகவே 700 மில்லிமீற்றர் மழை வருமென நம்பி விதைப்பவர் இரண்டு ஆண்டுக்கொருமுறை ஏமாற்றமடைவார்.

அதே எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால், 560 அல்லது அதற்கு மேற்பட்ட மழை பத்தில் எட்டு ஆண்டுகளில் கிடைத்தமை தெரியும். நம்பிச் செய்கை பண்ணத்தக்க அளவு இதுவே. இலங்கை கமச்சூழல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டபோதும் இத்தகைய கணிப்பே கையாளப்பட்டது. நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளாவது எதிர்பார்க்கத்தக்க மழையே ஒவ்வொரு வலயத்துக்கும் குறிக்கப்பட்டது. 1979இல் 24 ஆக இருந்த வலயங்கள் 2003இல் 46 ஆக நுணுக்கமாக வகுக்கப்பட்டன. பதிவுகள் நீளவும் பெருகவும் இத்தகைய நுணுக்கம் இயல்வதாயிற்று.

கமக்காரர் மழைப்பதிவு வைக்கும் முறை

மழைப்பதிவு வைத்தல் செலவு மிகுந்த வேலையன்று. பின்வரும் விதிகளைக் கைக்கொள்ளல் போதும்.

1. மழைமானியை வெளியான சமதரையில் வைத்தல் வேண்டும். மரமோ கட்டடமோ அருகிலிருப்பின், அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரமாவது விலகியிருத்தல் நன்று. கூரை மேலும் மதில் மேலும் வைத்தல் ஆகாது.

2. மழைமானி கிடையாதவிடத்து, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான தகரப் பேணியைப் பயன்படுத்தலாம். அதில் நிற்கும் நீரின் ஆழமே மழையின் அளவு. வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம் பிழையான அளவைத் தரும். வெயிலில் நீர் வற்றுமாதலால், இவ்வகைப் பேணியிலுள்ள நீரை மழை விட்டவுடன் அளத்தல் உத்தமம்.

3. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளத்தல் வேண்டும். வானிலைத் திணைக்களத்தின் வழக்கமும் அதுவே. எந்த நாளுக்கு எழுதுவதென முதலிலேயே தீர்மானித்து, அவ்விதியை ஏட்டின் முதற் பக்கத்தில் எழுதி, என்றும் மாற்றாதிருத்தல் வேண்டும்.

4. மழை இல்லாத நாளில் 0 என எழுதுக. அளக்கத் தவறிய நாளில் ‘அளக்கப்படவில்லை’ என எழுதுக. வெற்றிடம் விடற்க. தவறிய நாளின் அளவை ஊகித்து நிரப்புதலும் ஆகாது.

5. மழைமானியை வேறிடத்துக்கு மாற்றினாலும், புதியதொன்று வாங்கினாலும், அருகில் மரம் வெட்டினாலும் அத்திகதியைக் குறித்தல் வேண்டும். இயலுமாயின் பழையதையும் புதியதையும் ஒரு பருவம் முழுவதும் அருகருகே வைத்து இரண்டையும் அளத்தல் வேண்டும்.

6. பிழையாக எழுதியதை அழித்தல் ஆகாது. ஒரு கோடிட்டு வெட்டி, சரியான எண்ணை அருகில் எழுதுக.

7. அதே ஏட்டில் முதல் மழை, உழவு, விதைப்பு, கதிர் வெளிவரல், அறுவடை, நோய் பூச்சி தோன்றல், கிணற்று நீர்மட்டம், குளத்து நீர்மட்டம் ஆகியவற்றையும் திகதியுடன் குறித்தல் நன்று. மரக்கறிச் செய்கையாளர் நாற்றுமேடை இட்ட நாளையும், மழையால் நாற்று அழுகிய நாளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாறு ஆண்டுகள் இவ்வாறு எழுதினால், விதைப்புக்கு உகந்த வாரம் எதுவென அவ்வேடே கூறத் தொடங்கும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் நீர் திறக்கும் திகதியும் தீர்மானிக்கப்படும்போது, எழுதப்பட்ட எண் வாய்ச்சொல்லிலும் வலிமையுடையது. எனவே ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் தனது பிரதேசத்தில் ஒரு மழைமானியையாவது வைத்து, அதனைப் பார்ப்பதற்கு ஒருவரையும், அவர் இல்லாத நாளில் பார்க்க மற்றொருவரையும் நியமித்தல் உசிதமாகும்.

வீடுகளிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் பழைய குளக் கணக்குகளோ மழைக் குறிப்புகளோ கிடக்குமாயின், அவற்றைக் கறையானுக்கும் அடுப்புக்கும் இரையாக்காது, பிரதேச விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ காட்டுதல் வேண்டும். தாள் மங்கியிருப்பினும், சில மாதங்களே எழுதப்பட்டிருப்பினும் அவை பயனற்றவையல்ல. அயல் நிலையமொன்றின் பதிவு விடுபட்டுள்ள மாதங்களுக்கு அவ்வேட்டிலுள்ள எண்களே விடையாக அமையக் கூடும்.